குளித்தலை சாந்திவனம்: தங்கி ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

தண்ணீர்பள்ளியில் இருக்கிற சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமத்தில் நான் போய்த் தங்கிவந்தது தெரிந்ததிலிருந்து, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். அங்கே நெற்றியில் விபூதி பூசுவார்களாமே என்று ஒருவர். அறை எப்படி, பாத்ரூம் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று இன்னொருவர். புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் தாய் மட்டும், "அங்க போனா ஜெபம் ஆழப்படுமா அக்கா?" என்று கேட்டாள். மற்ற இரண்டுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் மதிப்பீட்டை நீங்கள் எடைபோட முடியும். பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்கிற புராட்டஸ்டண்ட் சபை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதிகாலை ஜெபம், ஜெபக் குறிப்பு நோட்டு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஓய்வுக்குப் பிறகு நேரம் நிறையக் கிடைத்தது. மனம் வந்தால் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன். மனம் வராவிட்டால் பத்து நிமிடத்தில் ஆமென். எப்போது தொடங்குவது, எப்போது எழுவது, எதைப் பேசுவது, எல்லாம் என் கையில். அப்படி இருக்கிற ஜெபத்தில் ஆண்டவர் எங்கே எஜமானர் என்ற கேள்வி என்னை விடவில்லை. "இப்போ வா" என்று வேறொருவர் சொல்லி நான் போகிற ஒரு இடம் வேண்டுமென்று தேடினேன். ஒரு கத்தோலிக்கத் தோழி, என்னோடு நர்ஸிங் படித்தவள், சாந்திவனத்தைச் சொன்னாள்.

போவது சுலபம். திருச்சியிலிருந்து கரூர் போகிற பஸ்ஸில் ஏறினால் குளித்தலைக்குப் பக்கத்தில்தான் தண்ணீர்பள்ளி. திருச்சி-கரூர் ரயில் பாதையிலும் குளித்தலை ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி ஆட்டோவில் போகலாம். வழியெல்லாம் வாழையும் தென்னையும். ஆசிரமம் காவிரியின் தென்கரையில். மெயின் ரோட்டின் லாரிச் சத்தம் வாசல் வரைக்கும் வரும். மரங்களுக்குள் நடந்து உள்ளே போகப் போகக் குறைந்துவிடும்.

இந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று அந்தக் கதையே பாதி சொல்லிவிடுகிறது. பிரான்ஸ் தேசத்துக் குருவானவர் ஜூல்ஸ் மோன்ஷனன் 1939-இல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்தார். குளித்தலைப் பகுதியில் பங்குக் குருவாக இருந்தார். 1948-இல் பெனடிக்டின் துறவி, அதாவது புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி வாழ்கிறவர், ஹென்றி லெ சோ வந்து சேர்ந்தார். பிற்பாடு அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டவர் அவர்தான். இருவரும் 1950 மார்ச் 21 அன்று, அந்தக் காலத்தில் புனித பெனடிக்ட் திருநாளாக இருந்த நாளில், காவிரிக்கரையில் இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்பது முறையான பெயர். காவி உடுத்தி, குடிசையில் தங்கி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வேளைதோறும் ஜெபித்தார்கள். ஆனால் நிலைத்துத் தங்க ஒரு சீடர்கூட வரவில்லை. 1957-இல் மோன்ஷனன் பாரிஸில் காலமானபோது, அவர் கண்ணுக்குத் தெரிந்த அளவில், ஆரம்பித்த காரியம் வளரவே இல்லை. 1968-இல் அபிஷிக்தானந்தாவும் வடக்கே உத்தரகாசிக்குப் போய்விட்டார். அந்த வருஷம்தான் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி, கூட இரண்டு சகோதரர்களோடு வந்து இதை ஏற்றுக்கொண்டார். இன்று நாம் போய்த் தங்குகிற சாந்திவனம் அப்படி உருவானது.

மோன்ஷனனைப் பற்றி நினைக்காமல் என்னால் அந்த வளாகத்தில் நடக்க முடியவில்லை. நாம் ஜெபத்துக்குப் பதிலை எதிர்பார்க்கிறோம், ஊழியத்துக்குப் பலனை எதிர்பார்க்கிறோம். அந்த மனுஷன் பார்த்த பலன் சில குடிசைகளும் ஒரு சின்னக் கோயிலும். ஆனாலும் வேளை வந்தால் ஜெபம் நடந்தது.

பீட் கிரிஃபித்ஸின் கதையும் அப்படியே. இங்கிலாந்தில் பெனடிக்டின் மடத்தில் இருந்தபோது இந்தியாவுக்குப் போக வேண்டுமென்ற ஆசை அவருக்கு. அவருடைய மடாதிபதி முதலில் அனுமதிக்கவில்லை. காத்திருந்தார். அனுப்பின இடங்களில் வேலை செய்தார். அனுமதி கிடைத்து 1955-இல்தான் இந்தியா வந்தார். நல்ல காரியம்தான், தேவனுக்காகத்தான், ஆனாலும் "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டு அடங்கியிருக்கிறார். நம் ஊரில் "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று சபையை விட்டுப் பிரிந்து போய்த் தனியாகக் கொட்டகை போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நொந்தவள் நான். அதனால் இது என் மனதில் ஆழமாக இறங்கியது.

இனி அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். நான் இருந்தபோது நடந்த ஒழுங்கு ஏறத்தாழ இது: காலை 5 மணிக்கு முதல் மணி. 5.30 முதல் மௌன தியானம். 6.30-க்குக் காலை ஜெபமும் அதைத் தொடர்ந்து திருப்பலியும். பிறகு காலைச் சாப்பாடு, வேலை. நண்பகல் தாண்டியதும் மத்தியான ஜெபம். மாலை 6-லிருந்து 7 வரை மறுபடி மௌனம். 7 மணிக்கு மாலை ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 9 மணிக்கு நாம ஜெபம், அதோடு படுக்கை. விருந்தினர் எல்லாவற்றுக்கும் வந்தே ஆகவேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதுமில்லை. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் போவது என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டேன். போகிறவர்களுக்கு என் யோசனையும் அதுதான். அங்கே போய் உங்களுக்கு இஷ்டமான வேளையில் உங்களுக்கு இஷ்டமான ஜெபம் செய்வதென்றால், அதற்கு உங்கள் வீட்டு ஜெப அறையே போதும், பஸ் காசு மிச்சம்.

கடினமானது அதிகாலை மணி என்று நினைத்துப் போவீர்கள். எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு 5 மணி ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் மத்தியான மணி. அந்த நேரத்துக்குள் கை ஒரு வேலையில் ஊன்றியிருக்கும். காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்போம், பாதிக் கூடை பீன்ஸ் மிச்சமிருக்கும். அல்லது லைப்ரரியில் ஒரு புத்தகத்தின் நல்ல இடத்தில் இருப்போம். மணி அடிக்கும். "இந்தக் கொஞ்சத்தை முடிச்சிட்டு" என்று மனம் சொல்லும். அங்கே இருக்கிற சகோதரர்கள் அந்தக் கொஞ்சத்தை முடிப்பதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுகிறார்கள்.

பிறகுதான் தெரிந்தது, இது அவர்களாகக் கண்டுபிடித்த பழக்கம் இல்லை என்று. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கில், ஜெப வேளைக்கான அடையாளம் கேட்டவுடன் கையிலிருப்பதை விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும், தேவ ஆராதனைக்கு முன்னால் வேறெதையும் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. கீழ்ப்படிதலைப் பற்றிச் சொல்லும் இடத்திலும், செய்துகொண்டிருக்கிற வேலையை முடிக்காமலே விட்டு எழுவதைத்தான் அவர் அடையாளமாகச் சொல்கிறார்.

எனக்கு இது புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. வார்டில் கால் பெல் அடித்தால், வாயருகே கொண்டுபோன சோற்றை டிபனில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தவள் நான். எந்தப் பெட், என்ன பிரச்சினை என்று தெரிந்துகொண்டு எழுவதில்லை. எழுந்து போனால்தான் தெரியும். நோயாளிக்கு அப்படி எழுந்த கால்கள், ஆண்டவருக்கு மட்டும் "வர்றேன், இருங்க" என்று சொல்லப் பழகியிருந்தன. சாந்திவனத்தின் மத்தியான மணி அதைத்தான் எனக்குக் காட்டியது.

ஒரு நாள் மாலைத் தேநீர் வேளையில், விருந்தினரைக் கவனிக்கிற பிரதர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினேன். "ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தா மனசு எங்கெல்லாமோ போகுது பிரதர். பேரப்பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் வரைக்கும் போயிட்டு வருது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த முறையும் சொல்லித்தரவில்லை. "மனசு வராட்டி பரவாயில்லம்மா. நீங்க வந்தீங்கல்ல, அது போதும். நாளைக்கும் மணி அடிக்கும், வாங்க" என்றார்.

அன்றிரவு என் பைபிளில் சாமுவேல் பையனின் கதையை வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை. ராத்திரியில் கூப்பிடும் சத்தம் கேட்டு அவன் எழுந்து ஓடுகிறான், ஆசாரியன் ஏலியிடம். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மறுபடி சத்தம், மறுபடி ஓடுகிறான். மூன்றாவது தடவையும் ஓடுகிறான். அவன் அதுவரை கர்த்தரை அறியாதிருந்தான் என்று வேதம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கூப்பிட்டால் எழுந்து ஓடத் தெரிந்திருந்தது. அது இல்லாமலிருந்தால் நாலாவது சத்தம் வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். நாம் ஆண்டவரை நன்றாக அறிந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருக்கிறோம். சாமுவேல் தவறான ஆளிடம் ஓடியே பழகினவன். அந்த ஓட்டம் வீணாகவில்லை.

அதே சாமுவேல் வளர்ந்து கிழவனாகி, ஆடுமாடுகளைப் பலியிடத்தான் மிச்சம் வைத்தேன் என்று சவுல் ராஜா சாக்குச் சொன்னபோது, பலியைவிடக் கீழ்ப்படிதல் மேல் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார். ராத்திரியில் மூன்று தடவை எழுந்து ஓடின பையன் சொல்லுகிற வார்த்தை என்று அன்றுதான் அந்த வசனத்தைக் கேட்டேன்.

மௌன வேளையைப் பற்றி. காலையும் மாலையும் சந்தி நேரத்தில் அவர்கள் உட்காருகிறார்கள். அவரவர் விரும்பின இடத்தில், கோயிலிலோ, மரத்தடியிலோ, ஆற்றங்கரையிலோ. வழிநடத்துகிறவர் யாருமில்லை, பாட்டு இல்லை. நம் கூட்டங்களில் மௌனம் அரை நிமிடம் நீண்டாலே யாராவது "ஸ்தோத்திரம்" என்று நிரப்பிவிடுவார்கள். ஆகவே எங்களைப் போன்றவர்கள் கையில் எதுவுமில்லாமல் போனால் திணறிவிடுவோம். பீட் கிரிஃபித்ஸ் பல பத்து வருஷங்களாக இயேசு ஜெபத்தையே சொல்லிவந்தார்: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும். கிழக்கத்தியச் சபைகளில் காலங்காலமாக இருக்கும் ஜெபம் இது. தேவாலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் ஜெபமும், எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த குருடனின் கூப்பிடுதலும் சேர்ந்தது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். மூச்சோடு மெதுவாக, உதடு அசையாமல். மனம் ஓடும், திரும்பக் கூட்டிவந்து அதே வார்த்தையில் உட்காரவைக்க வேண்டும். திரும்பக் கூட்டிவருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கீழ்ப்படிதல்தான். முதல் நாட்களில் அந்த ஒரு மணி நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு ஒரு மாலையில் 7 மணிக்கு மணி அடித்தபோது, இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டுமென்று இருந்தது. அப்போதும் எழுந்துதான் போக வேண்டும். நல்லதை விட்டு எழுவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இப்போது விபூதி விஷயம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயில் நம் ஊர்க் கோபுர அமைப்பில் இருக்கிறது. வாசல் கோபுரத்தில் திரித்துவத்தைக் குறிக்க மூன்று முகமுள்ள உருவம் வைத்திருக்கிறார்கள். உள்ளே கருவறை இருட்டாக, சின்னதாக. அதற்கு முன் திறந்த மண்டபம். ஜெபத்தில் சமஸ்கிருத மந்திரங்கள் உண்டு, ஆரத்தி உண்டு. காலையில் சந்தனம், மத்தியானம் குங்குமம், மாலையில் விபூதி கொடுக்கிறார்கள். காலையில் உபநிடத வாசிப்பும், மாலையில் மாணிக்கவாசகர், தாயுமானவர் போன்றோரின் பாடல்களும் சங்கீதங்களோடும் வேத வாசிப்போடும் சேர்ந்து வரும். இதற்காகக் கிறிஸ்தவர்களும் இவர்களைக் குறை சொன்னார்கள். இந்துக்களிலும் சிலர், எங்கள் அடையாளங்களை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்து வருத்தமும் எனக்குப் புரிகிறது.

நான் செய்தது இது. சந்தனத்தை வாங்கிக்கொண்டேன். விபூதித் தட்டு வந்தபோது கைகூப்பி உட்கார்ந்துகொண்டேன். தட்டு கொண்டுவந்தவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை. உபநிடத வாசிப்பு நேரத்தில் மரியாதையாகக் கேட்டேன். எனக்குக் கிறிஸ்து ஒருவரே வழி, அதில் அந்த இடம் என்னை அசைக்கவுமில்லை, அசைக்க முயலவுமில்லை. திருவாசகம் மட்டும் எனக்கு அந்நியமாக இல்லை. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்ட மிஷனரி ஜி.யு. போப் எங்கள் பக்கத்துச் சாயர்புரத்தில் இறையியல் பள்ளி நடத்தினவர். எங்கள் ஜில்லாவிலேயே பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவத் தமிழில் ஊறி வந்துதான் இரட்சகரைப் பாடினார். தமிழில் உருகி அழுது ஜெபிப்பது எங்களுக்குப் புதிதல்ல. மனச்சாட்சி இடம் தராதவர்கள் வலிந்து போக வேண்டாம். புராட்டஸ்டண்டார் தொடங்கின ஆசிரமமும் நம் மண்ணில் உண்டு. திருப்பத்தூரில் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் தொடங்கின கிறிஸ்துகுல ஆசிரமம் அது. அங்கேயும் திராவிடக் கட்டடக் கலையில் அழகான ஜெபாலயம் இருக்கிறது.

திருப்பலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது கத்தோலிக்கத் துறவியர் இல்லம். 1980களில் பெனடிக்டின் துறவிகளின் ஒரு கிளையான கமால்டோலி சபையோடு இணைந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வாங்குவது அவர்கள் சபை ஒழுங்கில் இல்லை. எங்கள் சபையில் திருவிருந்து மேஜைக்குத் தவறாமல் போகிற எனக்கு, தினமும் எல்லாரும் எழுந்து போகும்போது உட்கார்ந்திருப்பது வலித்தது. விதிவிலக்குக் கேட்கலாமா என்று ஒரு காலை தோன்றியது. கேட்கவில்லை. அவர்கள் வீட்டு ஒழுங்குக்கு அடங்கி, என் இடத்திலிருந்து, பிரிந்து கிடக்கிற திருச்சபைக்காக ஜெபித்தேன். அந்த நாட்களில் நான் செய்த ஜெபங்களில் மிக உண்மையானது அதுவென்று இன்றும் நினைக்கிறேன்.

அறையும் சாப்பாடும் சுருக்கமாக. தனி அறை, கட்டில், மேஜை, ஃபேன். ஏ.சி., டி.வி. கிடையாது. தேவையும் இல்லை. சுத்தம் நர்ஸ் கண்ணுக்குக் குறையில்லை. சாப்பாடு சைவம்; தரையில் பந்தியாக உட்கார்ந்து கையால் சாப்பிடுகிறோம், சாப்பிட்ட தட்டை நாமே கழுவுகிறோம். முழங்கால் வலி உள்ளவர்கள் சொன்னால் உட்கார ஸ்டூல், நாற்காலி தருகிறார்கள். சோறு, குழம்பு, காய், மோர். காரம் குறைவு, ஏனென்றால் வெளிநாட்டு விருந்தினர் எப்போதும் இருக்கிறார்கள். அதே காரணத்தால் ஜெபத்தில் ஆங்கிலம் அதிகம். ஆங்கிலம் பழக்கமில்லாதவர்கள் தமிழ் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கீத எண்ணைக் கேட்டுத் தமிழில் வாசித்துக்கொள்ளலாம்; நான் அப்படித்தான் செய்தேன். சங்கீத எண் சில இடங்களில் நம் பைபிளோடு ஒன்று முன்பின்னாக இருந்தால் குழம்ப வேண்டாம், பக்கத்து சங்கீதத்தைப் பாருங்கள். கட்டணப் பட்டியல் எதுவும் எனக்குத் தரவில்லை. புறப்படும்போது என்னால் முடிந்ததைக் காணிக்கையாகக் கொடுத்தேன். ஒரு சாதாரண லாட்ஜில் அத்தனை நாள் தங்கிச் சாப்பிட்டால் ஆகிற தொகையைவிடக் குறையாமல் கொடுப்பது நியாயம் என்பது என் எண்ணம். வசதியில்லாதவர்கள் கூச்சப்பட வேண்டாம்.

கோயிலுக்குப் பக்கத்தில் பீட் கிரிஃபித்ஸின் கல்லறை இருக்கிறது. 1993 மே 13-ஆம் தேதி இதே ஆசிரமத்தில் தம் குடிலில் காலமானார். பூ வைத்து, விளக்கேற்றிப் போகிறார்கள்.

என்ன மாறியது என்று கேட்டால், வீட்டுக்கு வந்தபின் மூன்று வேளை வைத்துக்கொண்டேன். காலை, மத்தியானம், அந்தி. தானியேல் மேல்வீட்டறையில் செய்தது, தாவீது சங்கீதத்தில் சொன்னது, பேதுருவும் யோவானும் ஜெபவேளைக்கு ஆலயத்துக்குப் போனது எல்லாம் இதுதானே. என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் சாயங்கால ஜெப மணி அடிக்கும். பனையேறிகள்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அது நம்மிடமே இருந்த பழக்கம். இப்போது எனக்கு மணி அடிக்க யாருமில்லை, அதனால் போனில் அலாரம் வைத்துத் தந்தாள் மருமகள். மத்தியான அலாரம் அடிக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். பத்து நிமிடம்தான். ஒரு சங்கீதம், கொஞ்சம் மௌனம், கர்த்தர் கற்பித்த ஜெபம். ஜெபக் குறிப்பு நோட்டை விட்டுவிடவில்லை, அதிகாலையில் அது இருக்கிறது. ஆனால் மத்தியானத்தில் எதையும் கேட்பதில்லை. கூப்பிட்டீர்கள், வந்தேன், அவ்வளவே. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா நடுராத்திரியில் மூச்சுத்திணறல் என்று கதவைத் தட்டினபோது, யாரென்று கேட்காமல் எழுந்து போயிருந்தேன். அது நர்ஸ் பழக்கமா, சாந்திவனத்துப் பழக்கமா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

யார் போகலாம்? வருஷக்கணக்காக ஜெபித்து, வார்த்தைகள் தேய்ந்துபோய்விட்டவர்கள் போகலாம். ஊழியத்தில் பிறருக்காகவே ஜெபித்துக் களைத்த போதகர்மார், அவர்கள் மனைவிமார் கட்டாயம் போகலாம். சுகமளிக்கும் ஜெபம், தீர்க்கதரிசன வார்த்தை, கைவைத்து ஜெபிப்பது இவற்றைத் தேடிப் போகாதீர்கள். அங்கே கிடைக்காது, அவர்கள் வாக்குக் கொடுப்பதும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு போவதும் சரிப்படாது. விசுவாசத்தில் புதிதாக வந்து இன்னும் வேதத்தை ஒருமுறைகூட முழுசாக வாசிக்காதவர்கள், முதலில் தங்கள் சபையில் வேரூன்றிவிட்டுப் பிறகு போகட்டும். ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதில் பயனில்லை. மத்தியான மணி எரிச்சலாக இருக்கிற நாட்களைத் தாண்டி அது இயல்பாகிற வரைக்கும் இருங்கள்.

அந்த இளம் தாய்க்கு என் பதில்: ஆழப்படும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஆழப்படுவதாகத் தோன்றாது. கைக்குழந்தையை விட்டு இப்போது நீ போக முடியாது. குழந்தை அழுகிற ஒவ்வொரு தடவையும் எழுகிறாயே, அந்த எழுதலை ஆண்டவருக்கென்று செய். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் நாம் சேர்ந்து போவோம்.

போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகே டிக்கெட் எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டார் வருகை அதிகம், அறை கிடைப்பது கடினம். சித்திரை, வைகாசி வெயில் அந்தப் பக்கத்தில் கொளுத்தும், காவிரியும் மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள். தண்ணீர் வந்தபிறகு ஆற்றங்கரை அந்தி ஜெபத்துக்கு நல்ல இடம், ஆனால் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். டார்ச், கொசுவத்தி, போர்வை, தமிழ் பைபிள், முழங்காலுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் சங்கத்திலிருந்து சிலர் போவதாகப் பேச்சு இருக்கிறது. இடம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.